எங்கள் வீட்டு டி.வி.

அக்கா கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா எங்கள் எல்லோரையும் டி.வி. வாங்க ஆரணி பஜாருக்கு அழைத்துப் போனார். எனக்கு எட்டு வயது. அதுவரை எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததுதான் நான் பார்த்த டி.வி. "நம்ம வீட்டுக்கா?" என்று அப்பாவைக் கேட்டேன். "வீட்டுக்குத்தான்" என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடையில் சுவர் முழுக்க டி.வி.க்கள். எல்லாவற்றிலும் ஒரே அம்மாள் பாடிக்கொண்டிருந்தாள். ஒன்றில் பச்சையாக, இன்னொன்றில் மஞ்சள் காமாலை வந்தவளாக. அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். கையில் எடுத்துக் கனம் பார்க்காமல் எதையும் நல்லதென்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஓடிக்கொண்டிருந்த டி.வி. ஒன்றை அவர் இரண்டு கையாலும் தூக்கப் போக, கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"அண்ணே, கரண்ட்ல இருக்குது. படத்தப் பாருங்க."

"படம் எல்லாத்துலயும் ஒண்ணுதானப்பா வருது" என்றார் அப்பா.

அம்மா திரைப் பக்கமே வரவில்லை. பின்னால் போய், தூசி துடைக்கத் துணி நுழையுமா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரிமோட் உள்ள டி.வி.யின் முன்னால் நின்றவள் நகரவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. "ஜல்தி சொல்லும்மா, உனக்கு எது புடிச்சிருக்குது?" என்று அப்பா அக்காவையே கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. செய்யாறுக்கு வாழப்போகிறவளுக்கு எங்கள் வீட்டு டி.வி.யில் என்ன பேச்சு? அதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அக்கா மட்டும் சிரிக்காமல், "பாப்பா கேக்கறதையே வாங்குங்கப்பா" என்றாள்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. ஆனால் பிரிக்கவில்லை, கல்யாணம் முடியட்டும் என்றார்கள். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

கல்யாணம் முடிந்தது. மறுநாள் பீரோவோடும் பாத்திரங்களோடும் அந்தப் பெட்டியும் வேனில் ஏறியது. ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதேன். அக்கா பக்கத்திலேயே நின்றிருந்ததால் என் அழுகை அவள் கணக்கில் போய்விட்டது. "அக்கான்னா உசுரு இதுக்கு" என்று சித்தி மூக்கைச் சிந்தினாள். அக்காவின் மாமியார் உருகிப்போனார்.

"நீயும் கூட வாம்மா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்."

அழுகையை நிறுத்தி, "இன்னிக்கே பெட்டியப் பிரிச்சிடுவீங்களா?" என்று கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வேனில் ஏறினேன்.

அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். செய்யாறில் அன்று சாயங்காலமே டி.வி.யை மேசை மேல் ஏற்றினார்கள். அக்கா வீட்டுக்காரர் ஆன்டெனாவைத் திருப்ப மொட்டைமாடிக்குப் போனார். ரிமோட் என்னிடம். அந்தக் கூடத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றிருந்த அக்கா, கடைசியில் தரையில் என்னை ஒட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் தெளிவாக வந்த பிறகும் அவள் திரையைப் பார்க்கவில்லை.

"அம்மா இந்நேரம் என்ன பண்ணிகினு இருப்பாங்க?" என்றாள்.

"தெரியல."

சற்று நேரம் கழித்து, "நாளைக்கும் இருப்பதானே?" என்றாள்.

"டி.வி. இங்கதானே இருக்குது" என்றேன்.

அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையால்தான் நான் ரிமோட்டை அமுக்க வேண்டியிருந்தது. மெல்ல உருவிக்கொண்டேன்.