வலப்பக்கம் விழுந்த காஜா

காஜாக்காரி என்றால் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். அவள் அம்மா காஜா எடுத்தவள், தங்கையும் காஜா எடுத்தவள். தங்கை வீட்டுக்காரர் மட்டும் ஊசியைக் கண்டால் அடுத்த தெருவுக்கு ஓடுவார். நாற்பத்தாறு வருஷம் ஒரே தையல் கடை, ஒரே முக்காலி. சட்டையில் பொத்தானுக்குத் துளை வெட்டி, ஓரத்தை நூலால் சுற்றி அடைப்பதுதான் காஜா. ஆம்பளைச் சட்டைக்கு இடப்பக்கம், பொம்பளைச் சட்டைக்கு வலப்பக்கம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அறுபத்தொன்பதாம் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினெட்டு ஆம்பளைச் சட்டைக்கும் வலப்பக்கம் வெட்டி வைத்தாள்.

கட்டிங் மாஸ்டர் ஒன்றை விரித்துப் பார்த்தார். "என்னக்கா, பேண்டு வாத்தியக்காரங்க பதினெட்டு பேரையும் ஒரே நாள்ல பொம்பளையாக்கிட்டீங்க!"

மற்ற நாளென்றால், "உன் வாய்க்கும் ஒரு காஜா போடறேன் வா" என்றிருப்பாள். அன்று சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். வெட்டின துணியை ஒட்டவா முடியும்? வெட்கமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அதோடு கடைக்குப் போகவில்லை. எலும்பெல்லாம் குடைச்சல், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். மருமகள் தங்கமானவள். மருந்துக் கடையில் கேட்டு கால்சியம் மாத்திரை வாங்கி, இரண்டு வேளையும் பாலோடு கொடுத்தாள். "எலும்புக்கு நல்லது, அத்தை."

"சரி."

தங்கை இறந்த சேதி வந்தபோதும் அதே "சரி"தான். அன்று வழக்கம்போலச் சாப்பிட்டாள். அடுப்பில் வைத்த பாத்திரம் கருகி ஓட்டையானது, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மகன் பயந்துபோனான். முதியோர் இல்லத்தில் இடம் கேட்டான். ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள், போனால் இனி அங்கேதான்.

"அங்க உங்க வயசுக்காரங்க இருப்பாங்கம்மா."

"சரிப்பா."

சண்டை போடுவாள் என்று பார்த்தான். போட்டிருந்தால் விட்டிருப்பான். போடவில்லை. துணிமணியைப் பையில் அடுக்கினான்.

இல்லத்தில் சேர்க்க ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "கால்சியம் யார் கொடுக்கறது?"

"நான்தான் டாக்டர். ஒரு வேளைகூட தப்ப விட்டதில்ல," என்றாள் மருமகள் பெருமையாக.

"இன்னியோட நிறுத்துங்க. கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி நாலு பொடி சுரப்பி இருக்கு, பாராதைராய்டுன்னு பேரு. ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்கணும்னு பாத்துக்கறது அதோட வேலை. இவங்களுக்கு ஒண்ணு வீங்கி, எலும்புல இருக்கறத எல்லாம் ரத்தத்துல கொட்டுது. வயசானவங்களுக்கு அது மூளையையும் மந்தமாக்கும். நீங்க அதுக்கு மேல ஊத்தியிருக்கீங்க."

மருமகள் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். காஜாக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள், யார் வீட்டுப் பெண்ணோ அழுவது போல.

ஒன்றாம் தேதி இல்லத்துக்குப் போகவில்லை. ஆபரேஷன் செய்து, வீங்கியதை எடுத்தார்கள். மொச்சைக்கொட்டை அளவுதான். அதுவா இத்தனை ஆட்டம் ஆடியது!

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம், கட்டிலுக்கடியில் அந்தப் பை அவள் காலில் தட்டியது. இழுத்துத் திறந்தாள்.

"யார்டா அடுக்கினது?"

"நான்தான்மா."

"ஊசி டப்பா எங்க?"

"அங்க... வேலை இருக்காதுன்னு..." அவன் குனிந்து பையை எடுக்க வந்தான்.

"தொடாத. பெத்தவள மூட்டை கட்டினவன்தானே நீ." எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனை வைதாள். வாங்கிக்கொண்டு நின்றான்.

ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். நடுவில் தங்கை கொடுத்த சால்வை வந்தது. கை நின்றுவிட்டது.

"உங்க சித்தி போயிட்டாளாடா?"

"ஆறு மாசமாச்சும்மா."

சால்வையை மடியில் போட்டுக்கொண்டு, அன்றைக்குத்தான் சேதி வந்ததுபோல அழ ஆரம்பித்தாள்.