சண்டைக்காட்டுக் கல்லில் ஒரு பெயர்

எதிர்வீட்டில் சமையலறை மேடைக்குக் கிரானைட் அறுக்கிறார்கள். காலையிலிருந்து தெருவே வெள்ளையாகிக் கிடக்கிறது. என் மனைவி ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டாள். நான் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு அந்தப் பொடியை முகர்ந்துகொண்டிருக்கிறேன். சூடான கல்லில் தண்ணீர் பட்டால் ஒரு கருகல் வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது வந்தால் சுபேதார் ஞாபகமும் கூடவே வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். பழங்காநத்தத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் குடியிருந்தார். நான் அப்போதுதான் கல்லூரியில் வரலாறு டியூட்டராகச் சேர்ந்திருந்தேன். வரலாறு படித்தவன் என்றால் உலகத்தில் நடந்த சண்டையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய ரெஜிமென்ட் கும்பினி காலத்தில் கொட்டாம்பட்டிக்கு அந்தப்பக்கம் பாளையக்காரர் ஆட்களோடு மோதி நிறைய சிப்பாய்களைப் பறிகொடுத்திருந்ததாம். அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நடவேண்டும் என்று பழைய பட்டாளத்துக்காரர்கள் முடிவுசெய்திருந்தார்கள். இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வெள்ளைக்காரன் எழுதிவைத்த பழைய புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு கண்மாய், ஒரு மொட்டைப்பாறை, ஒரு தோப்பு. அந்தப் பக்கத்தில் எந்த ஊரில்தான் கண்மாயும் பாறையும் இல்லை? நகல் எடுத்த வரைபடத்தோடு ஞாயிறுதோறும் பஸ் ஏறிப்போய், வாடகை சைக்கிளில் வெயிலில் சுற்றினேன். ஒருநாள் தாகத்துக்கு நின்ற டீக்கடையில் விஷயத்தைச் சொன்னால், கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "சண்டைக்காடா? அந்தா, வீரணன் காடு" என்று கையைக் காட்டினார். பெயரே சண்டைக்காடு! முதல் வாரமே ஒரு டீ குடித்திருக்கலாம்.

வீரணனுக்கு அறுபது வயதிருக்கும். கடலைக்காட்டில் களை பார்த்துக்கொண்டிருந்தார். உழும்போது அகப்பட்ட ஈயக்குண்டுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார். மீன்வலையில் கட்ட நன்றாக இருக்கும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சுபேதாரைக் கூட்டிவந்து கல் விஷயத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு வீரணன் ஒன்றுதான் கேட்டார்.

"எங்க ஆளுகளச் சுட்டவுகளுக்கு என் காட்டுலயே கல்லாண்ணே?"

அவருடைய மூதாதை எதிர்ப்பக்கம் நின்று அங்கேயே செத்தவர். இந்தக் கோணத்தை வரலாறு டியூட்டர் யோசிக்கவே இல்லை. செத்த சிப்பாய்களும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான், சம்பளத்துக்கு வந்தவர்கள், அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்களிடம் இல்லை என்றார் சுபேதார். எங்கள் ஆள் பெயர் என்னிடம் இருக்கிறது, அதையும் போடுவதென்றால் இடம் தருகிறேன் என்றார் வீரணன். அவர்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். செத்தவரும் வீரணன்தான். சுபேதார் அந்த இடத்திலேயே சம்மதித்தார். மனுஷன் எனக்கு அன்றைக்குத்தான் பெரியவராகத் தெரிந்தார்.

திறப்பன்று காலையில் கல்லை நட்டு, துணி போர்த்துமுன் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மேலே ரெஜிமென்ட் பெயர், கீழே 'வீரணன்'. அந்த வயலில் செத்தவர்களில் பெயர் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். வீரணனின் மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனசுக்குள் எழுத்துக்கூட்டி வாசித்தது. இருபது வயதிருக்கும். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. மாமனாரைக் கண்டால் எழுந்து நிற்கும், அவர் முன்னால் பேசிப் பழக்கமில்லாத பெண், நேரே அவரிடம் போனது.

"மாமா, இந்தக் கல்லுல புள்ள பேரு இருக்கு."

"அது நம்ம முப்பாட்டன் பேருத்தா."

"புள்ளைக்கும் அதானே. செத்தவுக கல்லுல உசுரோட இருக்குற புள்ள பேர வெட்டலாமா?"

குழந்தைக்கும் தாத்தா பெயரான வீரணன்தான். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பெற்ற பிள்ளையையே 'தம்பி, தம்பி' என்றுதான் அந்தப் பெண் கூப்பிடும். நான் வாயைத் திறந்து, இது வெறும் நினைவுச்சின்னம் என்று ஏதோ ஆரம்பித்தேன். சுபேதார் என் கையைப் பிடித்து அழுத்தினார். வீரணன் கல்லையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அது எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். முந்தின ராத்திரியே வந்து, நடாமல் கிடந்த கல்லில் எழுத்தைத் தடவிப் பார்த்திருந்தார். கடைசியில் கல்தச்சரிடம், "எடுத்துருங்கய்யா" என்றார்.

தலைமை விருந்தாளி வருவதற்குள் எடுத்தாக வேண்டும். உளி விழ விழப் பொறி பறந்தது, ஈரக்கல்லில் கருகல் வாசனை வந்தது. பெயர் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். பியூகிள் ஊதினார்கள். வந்த அதிகாரி பள்ளத்தைத் தடவி, இது என்ன என்று கேட்டார். கல்லிலேயே இருந்த குறை சார் என்று சுபேதார் கூசாமல் பொய் சொன்னார். வீரணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலில் அசையாமல் நின்றார். திரும்பும்போது நான் வருத்தப்பட்டதற்கு, "பேரு எங்க போயிரும் வாத்தியாரே? அதான் நாங்க வச்சிருக்கோம்ல" என்றார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனவன், ஆர்வம் தாங்காமல் ஊருக்குள் நுழைந்தேன். சுபேதாரும் இல்லை, வீரணனும் இல்லை. மொட்டைப்பாறை இருந்த இடம் குவாரிப் பள்ளம். பாதிக் காடு அதற்குள் போய்விட்டது, கல்லையும் காணோம். மருமகள் இருந்தார், தலை முழுக்க நரைத்து. நாற்காலி போட்டுக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மகன் திருப்பூரில் நன்றாக இருக்கிறானாம்.

"இப்ப அவன் விக்னேஷு சார். பள்ளிக்கூடத்துல கேலி பண்றாய்ங்கன்னு கெசட்டுல மாத்திக்கிட்டான். அன்னைக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கல்லுலயாச்சும் இருந்திருக்கும்ல?"

அந்தக் கல்லே போய்விட்டதே அம்மா என்றேன். அவருக்கு அது ஆறுதலாகவே இல்லை.

"இப்பல்லாம் யாரும் அந்தப் பேரச் சொல்றதில்ல. நான் சொல்லக்கூடாது. நீங்க ஒருக்காச் சொல்லுங்களேன்."

"வீரணன்" என்றேன்.

உட்கார்ந்திருந்தவர், சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து நின்றார்.