சூடம் அணைந்த பிறகு

சோணையைக் கெட்டவன் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் அவனைப் பிடித்த சனியன். கொஞ்சமாவது கெட்டவனாக இருந்திருந்தால் பிழைத்துப் போயிருப்பான்.

சமயநல்லூருக்கு மேற்கே, கண்மாயை ஒட்டிய சின்ன ஊர் அவனுடையது. அந்த ஊரில் ஆண்பிள்ளை தனி ஆளாகப் பிறப்பதில்லை, பங்காளிகளில் ஒருவனாகத்தான் பிறக்கிறான். பெரியப்பன், சித்தப்பன் பிள்ளைகள் எல்லாரும் அண்ணன் தம்பி. ஒருத்தன் மேல் கை பட்டால் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பங்காளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, கருப்புசாமி முன்னால் பொய் சொல்லக் கூடாது, கொடுத்த வாக்கை மாற்றக் கூடாது. இதையெல்லாம் யாரும் அவனை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. சோற்றோடு சோறாக உள்ளே போன சங்கதிகள் அவை.

எழுபத்தாறில் விளாங்குடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். மில்லின் பெயர் நமக்கு எதற்கு? சேர்த்துவிட்டவன் பேயாண்டி. பெரியப்பா மகன், மில்லில் மேஸ்திரி, முதலாளிக்கு வலது கை. சோணை நின்ற மிஷினுக்கு அடுத்த மிஷினில் துளசிராம் நின்றான். தெப்பக்குளத்துப் பக்கம் வீடு, வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் நம்மையெல்லாம் தோற்கடிக்கிற மதுரைத் தமிழ். முதல் வாரத்திலேயே சோணையை "மாப்ள" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சோணை அவன் வீட்டுக்குப் போவான். துளசிராமும் அவன் அம்மா சாரதாம்பாளும் தங்கள் பாஷையில் பேசிச் சிரிக்கும்போது, ஒரு எழவும் புரியாமல் இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

தொழிலாளர் சங்கத்துக்கு அவனை இழுத்துப் போனவனும் துளசிராம்தான். சங்கத் தலைவர் மலைச்சாமி டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று, கூட வேலை பார்ப்பவனைக் காட்டிக்கொடுக்கிறவன் மனுஷனே இல்லை என்று முழங்கினார். சோணைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மாப்ள, இது எங்க ஊர்ப் பேச்சுல்ல! எங்க பங்காளிக சொல்றதத்தான இவரு பெஞ்சுல ஏறிச் சொல்றாரு" என்றான்.

அவனுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. ஊரும் அவன் ஆள்கள், சங்கமும் அவன் ஆள்கள். இரண்டு பக்கமும் சொந்தம் உள்ளவனுக்கு என்ன குறை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். பாவம்.

எழுபத்தொன்பது கடைசியில் ஸ்டிரைக் வந்தது. பேயாண்டி வெளியாள்களைக் கூட்டிவந்து பின்கேட் வழியாக உள்ளே விட்டான். ஒருநாள் பொழுது சாயும் நேரம் அந்தக் கேட்டில் மறியல். கல் விழுந்ததும் கூட்டம் சிதறி ஓடியது. துளசிராம் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேயாண்டி சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து அவன் முகத்தில் வீசினான். பத்தடி தள்ளி நின்று அதைப் பார்த்தவன் சோணை ஒருவன்தான். துளசிராமோ அடித்தவன் முகத்தைப் பார்ப்பதற்குள் ரத்தத்தில் விழுந்துவிட்டான். இடது கண் போனது. போனது போனதுதான் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைத்து மலைச்சாமி கேட்டார். "நீ பாத்தியாமே? ஸ்டேஷன்ல வந்து பேரைச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேசு நிக்கும்."

இத்தனை நாள் ஒன்றாக இருந்த ஊரும் சங்கமும் இப்போது சோணையை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தன. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அந்த ஊரில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

"சிவராத்திரி வரைக்கும் பொறுங்கண்ணே. கோயில்ல வச்சு, சூடத்தை ஏத்திப் பேயாண்டியண்ணங்கிட்ட கேக்குறேன். செய்யலைன்னா அவன் அதைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணணும். செஞ்சவன் அணைக்க மாட்டான். கருப்பு முன்னாடி எங்காளுக பொய் சொன்னதே இல்ல. பேயாண்டியண்ணன் ஒத்துக்கிருவான். ஒத்துக்கிட்டா அவனே ஸ்டேஷனுக்கு வந்து நிப்பான்."

"ஏன்டா, கருப்பா வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லும்?" என்று மலைச்சாமி சீறினார்.

கட்டுக்குள்ளிருந்து துளசிராம் பேசினான். "விடுங்கண்ணே. அவன் சாமிய அவனுக்குத் தெரியாதா? நீ சொன்னாச் சரி மாப்ள."

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. கிடா வெட்டி முடிந்து, பங்காளிகள் கோயில் முன்னால் கூடியிருந்தார்கள். சோணை எழுந்து விஷயத்தைச் சொன்னான். அவனுடைய அப்பா விருமாண்டியே எழுந்தார்.

"கேக்குறதுன்னா முறைப்படி கேளு. சூடம் அணைஞ்சா அதோட பேச்சு முடிஞ்சுச்சு. அப்பறம் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு எங்கிட்டும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்ப்பா" என்றான் சோணை. யோசிக்கவே இல்லை. அணையாத சூடத்துக்கு எதற்கு யோசனை?

அவனே சூடத்தை ஏற்றினான். பேயாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். "அந்தப் பயலை நான் அடிக்கல. இது கருப்பு மேல சத்தியம்." கொசுவை அடிப்பதுபோல் உள்ளங்கை இறங்கியது. சூடம் அணைந்தது. புகை கொஞ்ச நேரம் சுற்றியது.

சோணை சாமியைப் பார்த்தான். கையில் அரிவாள் அப்படியே இருந்தது. பிறகு பங்காளிகளின் முகங்களைப் பார்த்தான். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அடித்தவன் யார் என்றும் தெரியும், அணைத்துவிடுவான் என்றும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அத்தனை பேரில் கருப்பை நிஜமாக நம்பியவன் இவன் ஒருத்தன்தான். அடப் பாவிகளா!

"சரி சரி, கறியப் பங்கு போடுங்கப்பா, வெயில் ஏறுது" என்றது ஒரு குரல். பேயாண்டியே சோணையின் பங்குக் கறியைக் கொண்டுவந்து கொடுத்து, மேலே ஒரு துண்டு ஈரலும் வைத்தான்.

"மனசுல வச்சுக்காத தம்பி. பங்காளிக்குள்ள ஆயிரம் இருக்கும். கேசுக்குப் போகாம நம்ம கோயிலுக்கு வந்தியே, அங்கதான் நீ நம்ம ரத்தம்."

மில் கேட்டில் மலைச்சாமி காத்திருந்தார். "என்னடா ஆச்சு?"

"வாக்குக் குடுத்துட்டேண்ணே."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில துளசிராமுக்குக் குடுத்தியே, அது என்ன?"

சாட்சி இல்லாமல் கேசு படுத்துவிட்டது. கருங்காலி என்று சொல்லி சோணையைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வரை போனான். அத்தனை பேர் சாமி முன்னால் பொய்யைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊரில், நான் ஒருத்தன் வாக்கைக் காப்பாற்றி என்ன கிழிக்கப்போகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. சோற்றோடு உள்ளே போனது அவ்வளவு லேசில் வெளியே வராது. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான்.

அப்புறம் அவன் செய்ததெல்லாம் காத்திருந்தது ஒன்றுதான். பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பு சும்மா விடாது என்று காத்திருந்தான். பேயாண்டி லாரி வாங்கினான். மாடி கட்டினான். ஒரு வருஷம் அவனுடைய கடைக்குட்டிக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைக்காது என்றார்கள். அன்றைக்கு சோணை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான், எதற்காக இவ்வளவு பசித்தது என்று அவனுக்கே உறைத்தது. ஒரு பச்சைப்பிள்ளையின் சாவுக்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து கொல்லையில் போய் வாந்தி எடுத்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்றோடு சாமி கும்பிடுவதையும் விட்டுவிட்டான். ஆனால் மாசிக்கு மாசி அவன் பங்குக் கறி மட்டும் தவறாமல் வீடு தேடி வந்துகொண்டிருந்தது.

எண்பத்தேழு தைப்பூசத்துக்குத் தெப்பம் பார்க்க, மகளை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு வண்டியூருக்குப் போனான். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் கயிறு கட்டி ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. ஒற்றைக் கண்ணோடு டோக்கன் கொடுத்துக்கொண்டு நின்றவன் துளசிராம்.

சோணை சைக்கிளை விட்டு இறங்கினான். திட்டட்டும், காறித் துப்பட்டும், சட்டையைப் பிடித்து நாலு அறை விடட்டும் என்று ஏங்கினான். துளசிராம் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தான். நன்றாகத் தெரிந்துகொண்டுதான் பார்த்தான். குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டான். சைக்கிளை வாங்கி வரிசையில் நிறுத்தினான்.

"டோக்கனத் தொலைச்சிராதீங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.