கடலூரைக் கடைசியில் வைத்தேன்

போன வருஷம் அரையாண்டு விடுமுறையில் கடற்கரை ஊர்கள் நாலைந்தை மூன்று நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் திட்டம் போட்டபோது, என் வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். டேனிஷ்காரன் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினான், டச்சுக்காரன் நாகப்பட்டினத்தைப் பிடித்தான் என்று எழுதி எழுதிக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். ஒரு கோட்டையையும் கண்ணால் பார்த்ததில்லை. இதைத்தான் எல்லாரிடமும் காரணமாகச் சொன்னேன்.

"வருஷம் திரும்பறதுக்குள்ள ஊர் சுத்தப் போறீங்களா டீச்சர்?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டாள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்குக் கோயில் படி ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கோயிலுக்கா போகிறேன் என்றேன். இடிந்த கோட்டை, பழைய துறைமுகம், வெள்ளைக்காரன் கல்லறை. கல்லறைக்கு ஏதுங்க தீட்டு என்று கேட்டதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று கோபம் வரும். இப்போது மட்டும் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

என்னோடு வருகிறேன் என்று சொன்னது நாத்தனார் ஒருத்திதான். அவருடைய தங்கை. அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயதில் என்னைவிட ஒரு வருஷம் பெரியவள், ஆனாலும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். என் பிள்ளை பெங்களூரில். போனில், "போய்ட்டு வாம்மா, உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்" என்றான்.

மாற்றம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது வேறு. அதைச் சொல்ல அவரைக் கரைத்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அவருடைய எலும்பையும் சாம்பலையும் கலயத்தில் கட்டி, கடலூர் தேவனாம்பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். பொம்பளைங்க எதுக்கு என்றார்கள். சண்டை போட்டு நானும் போனேன்; எனக்குத் துணையாக நாத்தனாரும் வந்தாள். பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தைப் போட்டான். திரும்பிப் பார்க்காம நடங்க என்று அய்யர் சொன்னார். நடந்தேன். ரெண்டே எட்டு. என் வாய் தானாகச் சொன்னது: "போய்ட்டு வரேங்க."

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இருபத்தாறு வருஷமாகக் காலை எட்டரைக்கு டிபன் பையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் அதைச் சொல்லித்தான் நான் வாசல் இறங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கம் கடற்கரையிலும் வந்துவிட்டது. பின்னால் வந்த நாத்தனார் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

அதற்கப்புறம்தான் வீட்டில் ஈரம் தெரிய ஆரம்பித்தது. அவருக்கு விதைக்கடை. வெள்ளிமலைக்குப் போய்ச் சாமை விதை வாங்கி வருகிற நாளானாலும் சரி, கடையில் உட்கார்ந்த நாளானாலும் சரி, சாயங்காலம் தோட்டத்துக் குழாயில் கால் கழுவி, துடைக்காமல் அப்படியே உள்ளே வருவார். நான் கத்துவேன். இப்போது அதே நேரத்துக்குக் குழாயிலிருந்து அடுப்படி வாசல்வரை சிமெண்டுத் தரையில் ஈரம். ஆளை வரவழைத்துக் குழாயை மாற்றினேன். ஈரம் நிற்கவில்லை. ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. எங்கள் தெரு போர் தண்ணீரே உப்புத்தான். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பயமில்லை. தரை காய்ந்து கிடந்த நாட்களில்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அவர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார், காத்துப் பார்த்துவிட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன சொல்லுக்கு நான் போக வேண்டும். பயணத் திட்டம் பிறந்தது அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனாரும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். என் கையில் நாற்பது பக்க நோட்டு. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸிலேயே முடிந்தவரைக்கும் தொத்தித் தொத்திப் போவது என்று முதலிலேயே முடிவு. "அப்ப நின்னு நின்னு போவணும். டைம் ஜாஸ்தி ஆவுமே" என்றாள். செலவு கம்மி என்றேன். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொள்வது, தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது, ராத்திரி தங்க ஒரே அறை. எல்லாம் எழுதினேன்.

தரங்கம்பாடியில் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டேன். "எத்தினி பேருங்க?" என்றான்.

"மூணு பேர்" என்றேன்.

அவன் கூடுதல் படுக்கைக்குத் தனியாக ஆகும் என்றான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. நாத்தனார் நோட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். அவள் எட்டாவதுவரை படித்தவள். எழுத்துக் கூட்டி உதட்டை அசைத்துத்தான் படிப்பாள்.

"மொத நாளு விருத்தாசலம், சிதம்பரம், நாகப்பட்டினம். ரெண்டாம் நாளு தரங்கம்பாடி. மூணாம் நாளு விடியக்காலம் பரங்கிப்பேட்டை. அங்கருந்து பாண்டி." விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னா அண்ணி இது? பாண்டிக்குப் போற வழியிலதான கடலூரு. அதத் தாண்டிப் போயிட்டு, மறுக்கா கடலூருக்கு வர்றதா எழுதிக்கினு இருக்கிற?"

"கடைசியா பார்த்துக்கலாம்னு."

"அங்க பாக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"கோட்டை இருந்த இடம். இங்கிலீஷ்காரன் கோட்டை."

"கோட்டையா." அடுத்த வரியைப் படித்தாள். "சாயந்தரம் நாலரை. தேவனாம்பட்டினம்." பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளை. இன்னொரு பக்கம் திருப்பினாள். "அப்பறம்?"

"அப்புறம் என்ன?"

"நம்மூருக்கு வர்ற பஸ்ஸு எங்க?"

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கிற நேரம்வரை யோசித்து வைக்கிற ஆள் நான். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு எத்தனை வருஷம் நான்தான் அட்டவணை போட்டிருக்கிறேன். திரும்பி வரும் நேரத்தைத்தான் முதலில் எழுதுவேன். பெற்றோர் கேட்பது அதைத்தான். இந்த நோட்டில் அது இல்லை. மறந்துபோச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறக்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபமாகப் பேசினாள்.

"எங்கம்மா போச்சு, எங்கப்பா போச்சு. அண்ணன் இருந்துது, பொறந்த வூடு இருந்துது. அண்ணனும் போச்சு. பொங்கலுக்குச் சீரு எடுத்துக்கினு எவ என் வூட்டுப் படி ஏறுவா, நீதான? ஒரு சண்டைன்னா பையைத் தூக்கிக்கினு நான் எங்க வந்து நிப்பேன்? நீயும் அண்ணன் பின்னால தண்ணிக்குள்ள போய்ட்டா எனக்கு ஏது அண்ணி பொறந்த வூடு?"

நாலு மாதமாக அவர் எனக்கு மட்டும்தான் செத்துப்போயிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் கையைப் பிடித்தார்கள். இவள் அடுப்படியில் அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. வாய்விட்டு அழுதேன். அவர் இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். "எழுது."

எழுதினேன். கடலூர் பஸ் ஸ்டாண்டு, சாயங்காலம் ஆறே கால். கள்ளக்குறிச்சி பஸ். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவோம் என்பதையும் போடச் சொன்னாள். அதையும் போட்டேன். எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

அந்த பஸ்ஸில் ஏறுவாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாயும் தலையணையும் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் போட்டாள். நாங்கள் கிளம்பிய நாள்வரைக்கும் அந்தப் பாயைச் சுருட்டவில்லை.