சாபம் என்று பேசிய மறுநாள்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அந்தக் கோடையில் எனக்கு இருந்தது ஒரே ஆசை. பி.யூ.சி. சேர வேண்டும், பிறகு சரித்திரம் படிக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி, அப்பா கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அப்பா பத்து நாளை ஓட்டிவிட்டார். அவர் கணக்கு வேறு. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தால் ஏதாவது ஆபீஸில் நுழைந்துவிடலாம் என்பது.

அப்பா கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. தாம்பரத்தில் எங்கள் காலனியே அப்படித்தான். எட்டரை மணிக்கு மேல் தெருவில் ஓர் ஆண் முகம் பார்க்க வேண்டுமென்றால் தபால்காரர் வந்தால்தான் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் மின்சார ரயிலேறிப் போயிருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காலனிச் சங்கத்து ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி. வெள்ளைக்காரன் கொடுத்த படிப்பு நமக்கு வரமா, சாபமா என்று தலைப்பு. சீட்டு எடுத்ததில் எனக்குச் சாபம் வந்தது. பேச்சை நானே எழுதியிருப்பேன், அப்பா விட்டால்தானே? ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் இடப்புறம் மூன்றில் ஒரு பங்கு மார்ஜின் விட்டு, பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு, மேலதிகாரிக்கு வைக்கிற டிராஃப்ட் மாதிரியே எழுதித் தந்தார். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் அறிவு வளரட்டும் என்று அவன் பள்ளிக்கூடம் திறக்கவில்லை, அவன் கடிதத்தை நகலெடுக்க நமக்குள் ஆள் தேடினான். அவன் கப்பலேறி இருபது வருஷமாகியும் அந்தக் குமாஸ்தாத் தொழிற்சாலையை நாம் மூடவில்லை, பெற்ற பிள்ளைகளையும் அதிலேயே தள்ளுகிறோம். இதை எழுதியது எங்கள் அப்பா!

ஞாயிற்றுக்கிழமை மேடையில் அதை ஒரு வரி விடாமல் பேசினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குமாஸ்தாக்கள். தொழிற்சாலை என்ற இடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சிரித்து உருண்டார்கள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஒருவராவது முகம் சுளிப்பார் என்று பார்த்தேன், ஊஹூம். அப்பா தட்டிய தட்டுதான் பெரிய தட்டு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு எழுதிய மனிதர் கையெழுத்துப் போடாமலா இருப்பார்? திங்கட்கிழமைதான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பா என்னைக் கிளம்பச் சொன்னார். விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கிளம்பினேன். கல்லூரி அவ்வளவு சீக்கிரம் திறக்காதே என்று கேட்க அந்தச் சந்தோஷத்தில் தோன்றவில்லை. ஸ்டேஷனைத் தாண்டி அவர் போய் நின்ற இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மாடிப்படிக்குக் கீழேயே தடதடவென்று சத்தம் கேட்டது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று அம்மா எப்போதாவது முணுமுணுப்பாள். அது யாரைப் பற்றி என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நின்று கேட்டுவிட்டேன்.

"நேத்து பேசினதெல்லாம் நீங்க எழுதினதுதானேப்பா? அத்தனையும் பொய்யா?"

அப்பா படியில் இரண்டு பேர் ஏறிப் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பொய் இல்லம்மா. இத்தனை வருஷமா நான் மனசுல வெச்சிருந்ததுதான் அது. ஆனா காலேஜுக்குப் போனா அப்புறம் என்ன ஆகும், எங்க போய் நிக்கணும், யாரைப் பாக்கணும், ஒண்ணும் எனக்குத் தெரியாது. இந்த வழிதான் எனக்குத் தெரியும். தெரிஞ்ச வழியிலதானே நான் உன்னைக் கூட்டிட்டுப் போக முடியும்?"

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அடித்திருந்தால்கூட விண்ணப்பத்தோடு ஓடியிருப்பேனோ என்னவோ. தெரியாது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? அவருக்குப் பயமாக இருக்கிறது என்று புரிந்தது. அப்பாவுக்குப் பயம் வரும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

மேலே ஏறிப் போய், காலியாக இருந்த ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.