தும்மிய கம்ப்யூட்டர்

போன வாரம் அரியலூரில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார்கள். தூசி வாசனை குப்பென்று அடித்தது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அதேதான். எனக்கு உடனே ஜமால் பாய் ஞாபகம் வந்துவிட்டார்.

பெரம்பலூரில் அவர் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கியபோது, சொல்லிக்கொடுக்க நானும் அரும்பாவூரிலிருந்து வரும் செல்வியும் இருந்தோம். செல்விக்குத் தெரிந்ததை நான் சத்தமாகச் சொன்னேன் என்பதே சரி. பாயோ, ‘எங்கள் கம்ப்யூட்டர் வணக்கம் சொல்லும்’ என்று வேப்பந்தட்டை வரைக்கும் சுவரில் எழுதிவிட்டார். திறப்பு விழாவில் அது பேசாவிட்டால், எதிரே இருந்த சென்டருக்குத்தான் கூட்டம் போகும்.

பேச வைக்கும் சவுண்ட் கார்டை துபாயிலிருந்து அவர் மச்சான் கொடுத்தனுப்பியிருந்தார். பழைய காலத்து நீளக் கார்டு. வந்திறங்கிய ஒரே புதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருக இருந்தவையோ குட்டையான வெள்ளை ஸ்லாட்டுகள். பாய் தச்சு ஆசாரியைக் கூட்டி வந்தார். ஆசாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ரெண்டு பக்கமும் லேசா இழைச்சுட்டா உள்ள போயிடும்ங்க” என்று உளியை எடுத்தார். செல்வி கார்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

கடைசியில், பின்னறையில் கிடந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் நீளமான கறுப்பு ஸ்லாட் இருந்தது. கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. செல்வி நாளெல்லாம் எதையெதையோ மாற்றிக் குத்தியபின், பாயின் குரலைப் பதிந்து, அதே குரலில் “வணக்கம்” சொல்ல வைத்தாள்.

“துருப்புடிச்ச பொட்டிய எப்படி தம்பி சபையில வைக்கிறது?” என்றார் பாய்.

ஆகவே மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர். துணி மறைத்த மேசைக்கடியில் கிழடும் நானும். செல்வி காலால் தட்டினால் நான் பட்டனை அமுக்க வேண்டும்.

விழாவுக்குச் செந்துறையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். மேலே பட்டனை அமுக்கினார். செல்வி தட்டினாள். “வணக்கம்!” கைதட்டல். அப்போது பெட்டியின் காற்றாடி அத்தனை வருஷத் தூசியையும் என் மூக்கில் ஊதியது. தும்மினேன்.

“கம்ப்யூட்டர் தும்முதே!” என்றார் தலைமையாசிரியர்.

“வைரஸ் இருக்குங்க சார்” என்றார் பாய், கண்ணிமைக்காமல்.

ஆனால் பின்வரிசையில் ஓர் அம்மாள், “ஒத்தத் தும்மல் ஆவாது. எந்திரிடி, போவலாம்” என்று மகளை இழுத்தார். நாற்காலிகள் நகர்ந்தன. செல்வி என் முழங்காலில் ஓர் உதை விட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது, மூக்குக்குத்தான் புரியவில்லை. உயிரைத் திரட்டி, பொய்யாக இன்னொன்று தும்மினேன்.

“ரெட்டத் தும்மல்! நல்ல சகுனம், உக்காருடி.”

அன்றே இடமெல்லாம் நிரம்பிவிட்டது. பிறகு வந்தவர்கள் தும்மலையும் கேட்க ஆசைப்பட்டதால், நான் மேசைக்கடியிலேயே குடியிருக்க வேண்டாம் என்று, செல்வி என் தும்மல் இரண்டையும் பதிந்து வைத்தாள்.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சத்தம் பிறந்துவிடுகிறது. கார்டும் இல்லை, ஸ்லாட்டும் இல்லை. பாயும் போய்விட்டார். சமீபத்தில் அவர் மகள் போன் செய்து, “வாப்பா குரல் எங்கயாச்சும் இருக்காண்ணே?” என்று கேட்டாள். அந்தப் பெட்டியில் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. கிழட்டுப் பெட்டியை எடைக்குப் போட்டபோது, அவருடைய வணக்கமும் அதோடு போனது, பக்கத்திலேயே என் தும்மல்களும்.