வீரபாண்டியில் நிரப்பிய படிவம்

வீரபாண்டியில் ஒரு சாய ஆலையின் கேன்டீன். என் ஆய்வுக்காகக் கழிவுநீர் மாதிரி எடுக்க வந்த நான், மேனேஜருக்காகக் காத்திருக்கிறேன். மூலை மேசையில் தக்காளிச் சோற்றுப் பொட்டலம், பக்கத்தில் லேப்டாப், திரையில் ஒரு விண்ணப்பம்.

முனைவர் பட்டம் முடித்து, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளனாக இருக்கிறேன். அங்கே நான் மாணவனும் இல்லை, ஆசிரியனும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் கல்லூரி ஒன்று என்னைப் போன்ற சிலரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது; சேர்ந்தால் அதன் உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். ‘எங்கள் கல்லூரியில் ஏன் இணைய விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு என் ஆய்வைப் பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டேன். படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

கழுத்தில் கம்பெனி அட்டையோடு துணி செக்கிங் பிரிவு அக்கா ஒருவர் எழுந்து வருகிறார்.

“ஏனுங்க தம்பி, தனியா உக்காந்துட்டீங்க? எங்ககூட வந்து சாப்பிடுங்க.”

“பரவால்லீங்க்கா, பழகிருச்சு.”

“அதெப்படீங்க? புதுசா வர்றவங்கள நாங்க தனியாச் சாப்பிட உடமாட்டமுங்க. அப்படி உட்டா ஒரு மாசங்கூடத் தாங்கமாட்டாங்க. சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிருவாங்க.”

இங்கிலாந்தில் நான் தனியாகச் சாப்பிட்டே பதினோரு மாதம் தாங்கியிருக்கிறேன்.

அவர்கள் மேசையில் ஒடிசாக்காரர் ஒருவர் தன் தட்டை நகர்த்தி எனக்கு இடம் விடுகிறார். போவதற்கு முன் மூன்று பத்திகளையும் அழிக்கிறேன். ஒரே வரி எழுதி அனுப்புகிறேன்:

‘மதியம் சேர்ந்து சாப்பிட ஆள் வேண்டும்.’